நாவல்பழ நிறம்

அறுத்த இடம் தவிட்டு நிறத்தில் பல்லிளித்தது.

மற்ற இடமெல்லாம் நல்ல நாவல்பழ நிறம். நீலமேகம் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். தவிடு தவிடாகவே இருந்தது.

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில், கிடங்குக் கதவுக்கு வெளியே குறுக்காகப் போடும் கட்டை அது. சுரினாம் என்று ஏதோ ஒரு தேசமாம். அங்கிருந்து இரண்டு கடல் தாண்டி வந்த மரம். மழைக்கு ஊதிக் கொக்கியில் உட்காராமல் போனதால், முனைகளை இழைத்துக் கொடுக்கத் தச்சன் நீலமேகத்தைக் கூப்பிட்டிருந்தார்கள்.

மரமா அது, இரும்பு. இழைப்புளியை இரண்டு தரம் தீட்ட வேண்டியிருந்தது.

கிடங்குக்குள் பன்னிரண்டு பேர். அதில் ஒருவன் அவன் தம்பி பெருமாள். ஏரியில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தவனைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நாளை விடிந்தால் கப்பல். அந்தக் கப்பலில் அடிமையாகப் போனவர்களில் ஒருவன்கூடத் திரும்பியதில்லை.

அதனால்தான் யாரும் பார்க்காத நேரத்தில் கட்டையின் நடுவை முக்கால் பங்கு அறுத்தான். அறுத்த இடத்தில் அதே மரத்தின் மெல்லிய சிம்பைச் செருகி, குங்கிலியம் வைத்து ஒட்டி, மேலே இழைத்துவிட்டான். பொழுது சாய்ந்ததும் பன்னிரண்டு பேரும் ஒரே மூச்சில் தள்ள வேண்டும் என்று கதவிடுக்கு வழியே தம்பிக்குச் சொல்லியாயிற்று. ஏரிக்கரைச் சுண்ணாம்புக்குளத்திலிருந்து இரண்டு படகும் வந்துவிடும்.

உள்ளிருந்து தள்ளும்போது ஒடிய வேண்டுமென்றால் வெட்டு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். எல்லோர் கண்ணும் படுகிற பாழாய்ப்போன வெளிப்பக்கம்.

முனை வெளுத்திருப்பதற்குக் காரணம் சொல்லலாம். நடு ஏன் வெளுத்தது என்று கேட்டால் என்ன சொல்வது?

கட்டையைப் பூவரச நிழலுக்கு இழுத்து, ஈரத்துணி போட்டு மூடினான்.

போன வருஷமே இந்தக் கதவின் பழைய கட்டையை, அதுவும் இதே மரம், எவனோ அறுத்துவைத்தான். கடைசி நேரத்தில் வெளுத்த இடம் காட்டிக்கொடுத்துவிட்டது. அறுத்தவன் அகப்படவில்லை, கட்டை மட்டும் அடுப்புக்குப் போனது. அன்றிலிருந்து ஒல்லாந்து அதிகாரி தன் கையால் தடவிப் பார்க்காமல் எதையும் மாட்ட விடுவதில்லை.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி கௌஸ் மைதீன் வந்தார்.

கல்நெஞ்சக்காரர். போன வருஷக் கப்பலில் அவருடைய தங்கை மகன் மீரானே போனான். கதவைத் திறந்துவிட்டு, வாய் திறக்காமல் ஓரமாக நின்றார் மனுஷன். இன்றுவரை தங்கை அவர் முகத்தில் விழிப்பதில்லை.

அவர் துணியைத் தூக்கினார். நடுவில் அவர் பார்வை ஒரு கணம் நின்றது.

"இன்னாத்துக்கு மூடி வச்சிருக்கே? வெயில்ல கெடக்கட்டும்."

புது இழைப்பு வெடித்துவிடும் என்று நீலமேகம் முனகினான். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கட்டையைத் தானே இழுத்து முற்றத்தின் நடுவில், வெட்டு வானம் பார்க்கப் போட்டார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார்.

காட்டிக்கொடுக்கத்தான் காவல் இருக்கிறான், பாவி. ஓடலாம். ஓடினால் தம்பி?

கட்டையின் பக்கம் திரும்பாமலே உளிகளைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். வெயில் உச்சிக்கு ஏறி, பூவரச நிழல் அடிமரத்துக்குள் சுருங்கியது.

பூட்ஸ் சத்தம் கேட்டது.

அதிகாரி குனிந்தான். கட்டைவிரலை ஒரு முனையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தான். நடுவுக்கு வந்தான். நீலமேகம் கண்ணை மூடிக்கொண்டான்.

ஒன்றும் நடக்கவில்லை. பூட்ஸ் சத்தம் வந்த வழியே போனது.

கண்ணைத் திறந்தான். முனை எது, நடு எது என்று அவனுக்கே தெரியவில்லை. தவிட்டு நிறம் இருந்த இடமெல்லாம் வெயில் குடித்து நாவல்பழமாகியிருந்தது.

கௌஸ் மைதீன் ஒரு முனையைத் தூக்கினார். நீலமேகம் மறுமுனையைப் பிடித்தான். கட்டை கொக்கியில் சிக்கென்று உட்கார்ந்தது.

அவர் ஈரம் காய்ந்துபோன துணியை அவன் கையில் கொடுத்தார்.

"மீரானுக்காக அறுத்தப்போ நானும் இப்பிடித்தான் நெழல்ல மூடி வச்சேன்."