கால் இறாத்தல் சீனி

"மனேச்சர், சீனி வந்திட்டுதோ?"

சக்கர நாற்காலியில் இருந்தபடி இராசமணி கேட்டார். வயது தொண்ணூற்றொன்று.

"வந்திட்டுது பிள்ளை. கூப்பன் கொண்டு வந்தனியோ?" என்றார் மேசைக்குப் பின்னால் நின்ற சண்முகநாதன். அறுபத்துமூன்று வயதில் பெற்ற தாயைப் 'பிள்ளை' என்று கூப்பிட முதலில் அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. நாலு மாதத்தில் பழகிவிட்டது.

ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் இருந்த அந்த முதியோர் இல்லத்தின் ஒரு மூலையைப் பழங்காலக் கடையாக்கி வைத்திருந்தார்கள். உலகப் போர் முடிந்த கையோடு ரொறன்ரோக் கடைகள் இருந்த மாதிரியாம். மரப்பெட்டி வானொலி, அதில் அந்தக் காலத்து நடன இசை, 'பாண் பத்துச் சதம், பால் பதினைந்து சதம்' என்று ஒரு பலகை. நினைவு தப்பியவர்களுக்கு அது மருந்து என்றார்கள். பாண் நாலு டொலர் விற்கிற ஊரில் அந்தப் பலகையைப் பார்த்தால் நினைவு தப்பாதவர்களுக்கும் தலை சுற்றும்.

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அதைப் பங்கீட்டுச் சாமான் விற்கிற யாழ்ப்பாணத்துக் கூப்பன் கடையாக மாற்றி, தானே மனேச்சராக நிற்க சண்முகநாதன் அனுமதி வாங்கியிருந்தார். போன வருடம் தொடக்கம் அம்மா 1946ஆம் ஆண்டு விலைகளையே ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் அறைக்குள் போனால், "ஆர் நீங்கள், டொக்டரோ?" என்று கேட்டார். இந்தக் கடைக்கு வந்தால் மட்டும் முகம் மலர்ந்து கதைத்தார். அம்மா பன்னிரண்டு வயதுச் சிறுமியாகிவிட்டார் என்று மகன் விளங்கிக்கொண்டார்.

இராசமணி ஒரு துண்டுக் கடதாசியைக் கூப்பனாக நீட்டினார்.

"கால் இறாத்தல் தாங்கோ. போன முறை நிறுவை குறைஞ்சது."

"குறையேல்லைப் பிள்ளை. சண்டை முடிஞ்சும் கப்பல் ஒழுங்கா வருகுதில்லை. இருக்கிறதைத்தான் பங்கிட்டுக் குடுக்கிறன்."

"உப்பிடித்தான் எல்லாக் கடைக்காரரும் சொல்லுறது. மண்ணெண்ணெய்?"

"அரைப் போத்தல்தான்."

"சட்டைத்துணி?"

"அதுக்கு விடியப்புறமே வந்து வரிசையிலை நிக்கோணும். அதை விடு, கூடாரத்துக்குள்ளை பேசும் படம் காட்டுறாங்களாம். தரையிலை இருந்து பார்க்கப் பத்துச் சதம். போகேல்லையோ?"

"படமோ! வீட்டிலை சோறு காய்ச்சிறது ஆர்?" என்று சிரித்தார் இராசமணி. பிறகு மடியில் இருந்த பிஸ்கற்றைப் பாதியாக உடைத்து நீட்டினார். "வியாபாரம் வியாபாரமெண்டு பசி கிடக்காதேங்கோ மனேச்சர்."

சண்முகநாதன் அதை வாங்கி வாயில் போட்டார். பத்திரிகைத் தாளில் சீனியைச் சுற்றி அம்மாவின் கையில் கொடுத்தார். இராசமணி அதை இரண்டு கையாலும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார்.

நாற்காலியைத் தள்ளிப்போக வந்த பராமரிப்பாளர் கஜனி, சண்முகநாதனின் காதோடு சொன்னாள்.

"அங்கிள், சீனியைக் குறையுங்கோ. அன்ரிக்கு டயபற்றிஸ் எல்லே!"

"இனிக் குடுக்க மாட்டன் கஜனி. இண்டையோடை கடையைப் பூட்டுறன்."

"ஏன் அங்கிள்?"

"கிழமைக்கு ஒருநாள் வேலைக்கு லீவு போட்டிட்டு வாறன். சீனி விலை ஞாபகமிருக்கு, எண்ணெய் விலை ஞாபகமிருக்கு, பெத்த பிள்ளையை மட்டும் ஞாபகமில்லை. ஒருக்கா, ஒரேயொருக்கா என்னைச் 'சண்ணு' எண்டு கூப்பிடுவா எண்டுதான் பார்த்தன். மனேச்சர், மனேச்சர்... போதும் பிள்ளை. என்னாலை ஏலாது."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கஜனி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

சண்முகநாதன் தராசைப் பெட்டிக்குள் வைத்தார். விலைப்பலகையைத் துடைத்தார். மேசையில் அம்மாவின் சால்வை கிடந்தது. எடுத்துக்கொண்டு அறைப் பக்கம் நடந்தார்.

உள்ளே கஜனி கட்டிலடி லாச்சியை இழுத்துத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குள் பதினைந்து பதினாறு பத்திரிகைப் பொட்டலங்கள். சுற்றியது சுற்றியபடியே இருந்தன.

"என்ன அன்ரி, ஒண்டையும் பிரிக்கேல்லை! தேத்தண்ணிக்குப் போடேல்லையோ?"

"உனக்கென்ன விசரே பிள்ளை, மண்ணை ஆரும் தேத்தண்ணிக்குப் போடுவினமோ?"

"மண்ணோ? சீனியெல்லே அன்ரி!"

சண்முகநாதன் கதவடியில் சால்வையோடு நின்றுவிட்டார்.

இராசமணி கஜனியைக் கிட்டக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நல்லாக் கேட்டாய். உந்தக் கூப்பன், விலையெல்லாம் நான் சின்னனிலை கண்டதை அவனுக்குச் சொல்லிக் குடுத்ததுதான். அங்கை கடை வைச்சு விளையாடுறது என்ரை மோன் சண்ணு. சின்னப் பெடியன், நான் போய் வாங்காட்டி அழுவான். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும், 'நான் சண்ணு இல்லை, மனேச்சர்' எண்டு ஒரே அடம், அதுதான் பிள்ளை, தெரியாத மாதிரியே போய் வாங்கிக்கொண்டு வாறன்."