புதுப் புடவைச் சாயம்

கத்துகிறவர்களைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும். மூச்சு இருக்கிறவர்கள் கொஞ்சம் காத்திருக்கலாம்.

அவள் பயந்ததெல்லாம் சத்தமில்லாதவர்களுக்கு.

கோயிலுக்குப் போன வேன் வாய்க்காலில் கவிழ்ந்துவிட்டது. விரதமிருந்து மாலை போட்ட பெண்கள், அத்தனை பேரும் சிவப்புப் புடவையில். அவசரச் சிகிச்சைப் பிரிவில் அன்று பகலுக்கு அவள் ஒருத்திதான் டாக்டர்.

உயிருக்கு ஆபத்தென்றால் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை. சற்றுப் பொறுக்கலாம் என்றால் மஞ்சள். தானே நடந்து வந்தால் பச்சை. பார்த்த மாத்திரத்தில் பிரித்து அனுப்ப வேண்டும். ஆற அமர யோசிக்கிற வேலையில்லை.

தொடை எலும்பு வெளியே தெரிந்தவளை உள்ளே அனுப்பினாள். நெஞ்சு ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கியவளையும் அனுப்பினாள். டிரைவர் விஷயத்தில் சிரமமே இல்லை. வெள்ளைச் சட்டையில் ரத்தம் எங்கே என்று வாசலிலிருந்தே தெரிந்தது.

பச்சைப் பட்டைக்காரர்கள் சுவரோர பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். புடவைகளிலிருந்து சொட்டிய தண்ணீர் பெஞ்சுக்கு அடியில் தேங்கியது.

தண்ணீர் சிவப்பாக இருந்தது.

அவள் நின்றுவிட்டாள்.

சாயம்தான் டாக்டர் என்றாள் நர்ஸ் சகாயமேரி. மாலை போடுவதற்கென்று எடுக்கிற மலிவுப் புடவை, முதல் நனைப்பில் இப்படித்தான் கொட்டும், பக்கத்து வீட்டு அக்கா துவைக்கும்போது பார்த்திருக்கிறாளாம்.

உண்மைதான். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரே நிறம். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காக அவள் தன்னைப் பிறகு வைதுகொண்டாள்.

பெஞ்சின் ஓரத்தில் பேச்சித்தாய் என்ற பெண். மற்றவர்களை வாய்க்காலிலிருந்து கரையேற்றியதே அவள்தான் என்றார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கப் போனபோது டாக்டரின் கையை மெல்ல விலக்கிவிட்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல தாயி. அந்தப் புள்ளைகளப் பாருங்க."

டாக்டர் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தாள்.

பேச்சித்தாய் தண்ணீர் கேட்டாள். இப்போது குடிக்கக் கூடாது என்றாள் சகாயமேரி. மறுபடியும் கேட்டாள்.

பிறகு கொட்டாவி விட்டாள்.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டாள். பட்டப்பகலில், இத்தனை கூச்சலுக்கு நடுவில், ஒருத்திக்கு எப்படிக் கொட்டாவி வரும்?

ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். கை சில்லிட்டிருந்தது. நாடி நூலாக ஓடியது.

கத்தரியை எடுத்தாள். மாலை போட்ட புடவையில் கத்தரி வைக்காதீர்கள் என்று பக்கத்திலிருந்தவர்கள் பதறினார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

விலாவுக்குக் கீழே கண்ணாடிச் சில்லு ஒன்று ஆழமாகப் புதைந்திருந்தது.

சாயம் தண்ணீராக வழிந்து போய்விடும். இது விரலில் ஒட்டியது.

பச்சைப் பட்டையை அறுத்துப் போட்டுச் சிவப்பைக் கட்டினார்கள். ரத்தத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஸ்ட்ரெச்சர் ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடியது. பேச்சித்தாய் கடைசிவரை மற்றவர்களைப் பற்றித்தான் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

கதவு மூடிக்கொண்டது.

டாக்டர் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள்.

அத்தனை சிவப்புப் புடவை. அத்தனை ஈரம். அத்தனை பேருக்கும் பச்சைப் பட்டை கட்டியது அவள் கைதான்.

ஒவ்வொருத்தியாகப் பார்த்தே ஆக வேண்டும். இந்த முறை யார் கையை விலக்கினாலும் விடுவதில்லை.

முதலில் இருந்தவள் தொட்ட உடனே அலறினாள். நல்லது. அடுத்தவள் தோள் வலிக்கிறது என்று அழுதாள், இங்கே யாருமே கவனிப்பதில்லை என்று திட்டவும் செய்தாள். ரொம்ப நல்லது. அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது டாக்டருக்கு.

மூன்றாவது ஒரு சின்னப் பெண். அக்காவின் தோளில் தலை சாய்த்துக் கண்மூடியிருந்தாள். அக்கா அவள் ஈரத் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கை நீட்டினாள்.

அக்கா உதட்டில் விரல் வைத்தாள்.

"நேத்து ராத்திரி பூரா பஜனை டாக்டர், பொட்டுத் தூக்கமில்ல," என்றாள் ரகசியமாக. "இப்பத்தான் கண்ணசந்திருக்கா. எழுப்பிராதீங்க."