ஒளித்துவைத்த இடது கை

எல்லாரும் சௌக்கியமா, கண்ணுங்களா? பத்து விரலும் பத்திரமா இருக்கா?

இந்த வீட்டில் மூன்று விரல் பத்திரமாக இல்லை.

மாடிப்படியில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டதும் மாண்டலின்காரர் தன் இடது கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

"கையை மேல வைங்க. வந்ததும் அக்கா அதைத்தான் கேப்பாங்க," என்றாள் மனைவி.

"எனக்குப் பல்லு வலின்னு சொல்லிடு."

"பல்லு வலிச்சா கையை ஏன் ஒளிக்கணும்?"

"வலி பொறுக்காம கடிச்சு வெச்சுட்டேன்னு சொல்லு."

மனைவிக்குச் சிரிப்பு வந்தது.

மூன்று விரல் நுனியிலும் கொப்புளம். ஆள்காட்டி விரலில் இருப்பது சட்டைப் பொத்தான் அளவுக்கு நீர் கோத்துக்கொண்டு பளபளவென்று நிற்கிறது.

மாண்டலினுக்கு இரட்டை இரட்டையாக எஃகுக் கம்பி. புதிதாகப் பழகுகிறவர்களை அது சும்மா விடாது. கொப்புளம் வந்து, வற்றி, தோல் காய்த்துப்போன பிறகுதான் வழிக்கு வரும்.

ஆனால் இவர் புதியவரா என்ன? பாதி ஆயுள் மேடையில் வாசித்தவர். எரிகிற தீக்குச்சியை விரல் நுனியால் அணைத்துக் காட்டி, வீட்டுக்கு வரும் பொடிசுகளையெல்லாம் வாய் பிளக்க வைத்தவர்.

அதெல்லாம் விபத்துக்கு முன்னால். விபத்து, ஆபரேஷன், பயிற்சி என்று எல்லாம் கடந்து இப்போதுதான் மறுபடி மாண்டலினைத் தொட்டிருக்கிறார். பழைய காய்ப்பு ஒன்றுகூட இல்லை. தலைக்குத் தெரிந்த பாட்டு விரலுக்குத் தெரியவில்லை.

முதல் நாள் தப்பும் தவறுமாக நாலு சுரம் கேட்டபோது மனைவி சமையலறையில் இருந்தாள். குடம் நிரம்பி வழிந்து தரையெல்லாம் தண்ணீர். குழாயை மூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"மெதுவா பழகுங்க. கொப்புளம் மட்டும் உடையக் கூடாது," என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் விழுங்கும் மாத்திரைகள் கிருமியை எதிர்க்கும் தெம்பைக் குறைப்பவை. சீழ் வைத்தால் கையே போய்விடும்.

டாக்டர் சம்மதித்தது மாண்டலின்காரருக்குப் போதவில்லை.

"அக்கா ஒரு வார்த்தை வேண்டாம்னு சொன்னா, மாண்டலினைத் தொடவே மாட்டேன்," என்றுவிட்டார். சொன்னால் சொன்னதுதான், அவர் அப்படிப்பட்ட ஆள். கேட்பதற்காகத்தான் அக்காவை வரச் சொன்னார். செருப்புச் சத்தம் கேட்டதும் தைரியம் ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

அக்கா உள்ளே வந்தார். சலவைக் கடை வைத்திருப்பவர். பெரிய உடம்பு, பெரிய குரல், கூடவே சோப்பு வாசனை.

"எங்க தம்பி, காட்டு."

எப்போது வந்தாலும் அந்த இடது கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அக்காவுக்குப் பேச்சே வரும். இனி ஒளிக்க வழியில்லை. கை மேசைக்கு மேலே வந்தது.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு விரலாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது?"

"மாண்டலின் வாசிச்சேன்கா. உங்களைக் கேக்காம வாசிச்சது தப்புதான். வேண்டாம்னா இன்னியோட விட்டுடறேன்."

மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அக்கா ஆள்காட்டி விரலை உதட்டருகே கொண்டுபோய், பூப்போல ஊதினார்.

"வலிக்குதா?"

"எரியுதுக்கா."

"எரியுதா!"

அந்தச் சொல்லை இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் சொல்லி மனைவி கேட்டதில்லை.

"ஏம்மா," என்று அவள் பக்கம் திரும்பினார் அக்கா. பெரிய குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "கொப்புளம்... உசுரு இருக்கிற தோல்லதானே வரும்?"

"ஆமாக்கா."

அக்கா கையைத் திருப்பினார். பெருவிரலுக்குக் கீழே முக்கோணமாக ஒரு பழைய தழும்பு. அது எப்படி வந்தது என்று மாண்டலின்காரருக்குத் தெரியாது. கேட்கவும் துணிந்ததில்லை.

"நடக்கப் பழகின புதுசு. என் இஸ்திரிப் பெட்டியோட மூக்கைத் தொட்டுட்டான். அழுத அழுகையில தெருவே கூடிடுச்சு," என்றார் அக்கா. தழும்பைத் தடவிக்கொண்டே சிரித்தார். "அதுக்கப்புறம் ஒரு வேலைக்குக் கை நீட்ட மாட்டான். விசிலடிச்சாக்கூட சுருதி சேராது கழுதைக்கு. இவனா மாண்டலின் வாசிக்கிறான்?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"கொப்புளம் ஆறட்டும் தம்பி. ஆறினதும் விடாம வாசி. கொஞ்சம் வலிச்சாலே ஓடிடுவான் இவன். நீ விட்டுடாத."

மனைவி மாண்டலினை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். ஆறும் வரைக்கும் தொடக் கூடாதுதான். ஆனாலும் அந்தக் கை மெல்ல நகர்ந்து, கம்பிக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மணிக்கட்டைச் சுற்றி வளையமாக ஒரு தையல் தடம். அதற்கு மேலே மாண்டலின்காரர். கீழே, அக்காவின் பிள்ளை. பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை, இந்தக் கை மட்டும் வந்தது.

உங்க கையில இருக்கிற தழும்போட கதை யாருக்குத் தெரியும்? எனக்கு ரெண்டு வரி எழுதிப் போடுங்க, கண்ணுங்களா.