பேரனுக்கான சக்கரம்

சக்கரங்கள் கழற்றிய புல்லட் வண்டி, பட்டறையின் நடுவில் கட்டைமேல் நிற்கிறது. ஞானசிகாமணி அதை நேராகப் பார்க்காமல், முதுகு வளையாமல், நாற்காலி நுனியில் அமர்ந்திருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டுத் தெருவிலேயே பட்டறை உண்டு. தெரிந்த முகம் எதுவும் பார்க்கக்கூடாதென்று இராஜபாளையம் வரை வந்திருக்கிறார். போன ஞாயிறு சர்ச் வாசல் மணலில் வண்டி சரிந்து, பின்னால் இருந்த மனைவி பரிபூரணம் எல்லார் முன்னாலும் விழுந்தாள். கட்டுப்போட்ட கையோடு, "இனிமே ஆட்டோவுலயே போயிருவோம்" என்று மட்டும் சொன்னாள். அகலச் சக்கரம் மாட்டினால் மணலில் சறுக்காது என்று அவர் முடிவுசெய்தார். "இம்புட்டு அகலச் சக்கரம் யாருக்கு அய்யா?" என்று காலையில் மெக்கானிக் காளிராஜ் கேட்டபோது, "பேரனுக்கு. ஆசைப்படுதான்" என்றார். எழுபத்திரண்டு வயதில் சொன்ன பொய் இன்னும் நாக்கில் கசக்கிறது. காளிராஜ் புது ரிம்மைச் சுழற்றிக் கோட்டம் பார்க்கிறான். கம்பிகளில் பட்ட வெயில் சுவரெல்லாம் ஓடுகிறது. ஒவ்வொரு கம்பியையும் தட்டிக் கேட்டு, மந்தமாக ஒலிப்பதை முறுக்குகிறான். அகல டயர் செயினில் உரசாதபடி பூட்டி, வண்டியைத் தரையிறக்குகிறான். பிறகு பெரியவரின் கால்களை ஒரு தடவை பார்த்துவிட்டு சீட்டைத் துடைக்கிறான்.

"செத்த ஏறி உக்காருங்கய்யா. ரெண்டு காலும் ஊனுதான்னு பாத்துருவோம்."

"பேரன் என்னைவிட உசரம்ல தம்பி."

"அதனால என்னய்யா. உங்களுக்கு எட்டுனா அவருக்கும் எட்டும்."

சொல்லிவிட்டு வேறெங்கோ பார்க்கிறான். ஆனால் வண்டி சரியாமல் இருக்க, அவன் இரண்டு கைகளும் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்திருக்கின்றன. அதைக் கவனிக்காதவர்போல் ஞானசிகாமணி காலைத் தூக்கிப் போடுகிறார்.