சொல்லாமல் போனால்தான் சுகம்

கோடை விடுமுறைக்கு உறவு, நட்பு என்று வீடு வீடாகக் காரில் சுற்றியாயிற்று. கடைசியாகக் கணவனின் அக்கா வீடு. தெரு திரும்பியதுமே மனைவி கண்ணை மூடி முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

“வழி முழுக்க வண்டி ஓட்டினது நான். கும்பிடு மட்டும் கடவுளுக்கா?” என்று சிரித்தான் நாத்திகக் கணவன்.

“வர்றோம்னு அக்காகிட்ட சொன்னீங்களா?”

“எங்க குடும்பத்துல யாரு சொல்லிட்டுப் போயிருக்கோம்? திடுதிப்புனு போய் நின்னாத்தான் சந்தோஷம்!”

வாசலில் பூட்டு தொங்கியது. அவன் முகம் விழுந்தது. அவள் முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா, கடவுள் இருக்காரு!”

“அடிப்பாவி, இதுக்குத்தான் வேண்டிக்கிட்டியா?”

“பின்னே? உங்க அக்கா வாயில விழாம தப்பிச்சேனே!”

அவன் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். “அக்கா, உன் வீட்டு வாசல்ல நிக்கிறோம். எங்கே போயிட்டே?”

“அட, நாங்க உன் வீட்டு வாசல்லடா! பூட்டிக் கிடக்கு!”

பின்னாலிருந்து அக்கா கணவரின் குரல் துள்ளலாகக் கேட்டது: “பாத்தியா, கடவுள் இருக்காரு!”

மனைவிக்குச் சுருக்கென்றது. “நம்ம வீட்டுக்கு வர்றதுல அவருக்கு என்ன கஷ்டமாம்?”

வாழ்நாளில் முதல் தடவையாக அவன் மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.