காளியண்ணனின் மார்க்

“என் மார்க்கைக் கேக்க வரலீங்க. காளியண்ணன் மார்க்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க!”

தனபால் போட்ட சத்தத்தில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த சுகுணா திடுக்கிட்டுத் திரும்பினாள். மேனேஜர் ஜான்பீட்டர் மட்டும் தலையை நிமிர்த்தவில்லை. கொல்லிமலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு இறக்கும் லாரி கம்பெனியின் முள்ளுக்குறிச்சி ஆபீஸ் அது. டிரைவர்கள் வந்து கத்துவது அங்கே புதிதில்லை. தனபால் கத்துவது புதிதே இல்லை.

“காலையில வரவேண்டிய லோடு, இப்பத்தான் வருதா? சட்டையெல்லாம் என்னப்பா இத்தனை சேறு?” என்றார் ஜான்பீட்டர், அப்போதுதான் நிமிர்ந்து.

“லோடு வெளியில நிக்குது. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“அவன் மார்க் உனக்கு எதுக்கு? முதல்ல உன் மார்க்கைப் பாரு. போர்டுல கடைசியில இருக்கு உன் பேரு.”

தை மாதம்தான் கம்பெனி லாரிகள் எல்லாவற்றிலும் அந்தச் சின்னப் பெட்டியைப் பொருத்தினார்கள். பிரேக் பெடலிலிருந்து அதற்கு ஒரு ஒயர் போகும். பிரேக்கை வேகமாக அழுத்தினால் பெட்டி ‘கீங்’ என்று கத்தும், டிரைவருக்கு மார்க் குறையும். யாருக்கு எவ்வளவு என்று வாசல் போர்டில் எழுதிவிடுவார்கள். அன்றிலிருந்து தனபாலுக்கும் ஆபீசுக்கும் சண்டைதான். ‘ஒரே ஒரு தடவை என்கூட மலையேறி வந்து உக்காந்து பாருங்க’ என்று எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டான். ஒருவரும் வரவில்லை.

“இன்னிக்கு முதலாளி வர்றாரு, தெரியுமில்ல?” என்றார் ஜான்பீட்டர். “இந்த மெஷினைப் போட்டதுல லாபமா, நட்டமான்னு நான் அவருக்குச் சொல்லணும். டயர் தேய்மானம் குறைஞ்சிருக்கு. டீசல் குறைஞ்சிருக்கு. எல்லாரும் மாறிட்டாங்க. நீ ஒருத்தன்தான் மாறல.”

“டயரைப் பாத்தீங்க, டீசலைப் பாத்தீங்க. ஓட்டுறவனை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேக்க என்ன இருக்கு? அதான் மெஷினே சொல்லுதே.”

தனபால் மேஜையில் ஓங்கிக் குத்தினான். டீ கிளாஸ் உருண்டு கீழே விழுந்தது.

“உங்க மெஷினுக்கு மேடு தெரியுமா, பள்ளம் தெரியுமா? வளைவுல பஸ்ஸு ஏறி வரும். சுத்திப் பாக்க வர்ற பசங்க பைக்கைக் குறுக்கே விடுவானுங்க. அப்ப அழுத்தாம வேற எப்பங்க அழுத்தறது பிரேக்கை?”

“கத்தாதே! அதே மலை, அதே ரோடு. காளியண்ணன் ஓட்டலையா? உன் வண்டியில கிளீனரா இருந்தவன் உன்னை மிஞ்சிட்டான்னு பொறாமை உனக்கு. சுகுணா, போட்டுக் காட்டும்மா. கண்ணாரப் பாக்கட்டும்.”

சுகுணா பட்டனைத் தட்டினாள். திரை முழுக்கப் பச்சையாக வந்தது.

“இன்னிக்குக் காலையில இறங்கினதுல அவருக்கு ஒரு மார்க்குகூடப் போகலீங்க சார். பிரேக்கை ஒரு தடவைகூட வேகமா அழுத்தல.”

“பாத்தியா?” ஜான்பீட்டரின் முகம் மலர்ந்தது.

“இன்னொருக்கா சொல்லு கண்ணு.” தனபாலின் குரல் சட்டென்று இறங்கியிருந்தது.

“ஒரு தடவைகூட அழுத்தலீங்கண்ணா.”

அவன் தாடை இறுகியது. மேஜை விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டான். ஜான்பீட்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன, ஒயரைப் பிடுங்கிவிட்டு மெஷினை ஏமாத்துறான்னு சொல்ல வந்தியா?”

“இல்லீங்க. ஏமாத்தற சாதி இல்லீங்க அவன். நீங்க சொன்னதை வேதவாக்கா எடுத்துக்கிட்டவன். ‘பிரேக்குல காலைக் கொண்டுபோனாலே மார்க்குதான் மாமா கண்ணு முன்னால நிக்குது’ன்னு எங்கிட்ட சொல்லுவான். போடா மடையா, காலு அதுபாட்டுக்கு அழுத்தோணும், யோசிச்சா அழுத்தறதுன்னு திட்டுவேன். கேக்க மாட்டான். உங்க பேச்சைத்தான் கேட்டான்.”

“அவன் பொழைக்கத் தெரிஞ்சவன். அதான் இன்னிக்கு முதலாளி கையால பரிசு வாங்கப் போறான். நீயும் நின்னு பாத்துட்டுப் போ.” ஜான்பீட்டர் சுகுணா பக்கம் திரும்பினார். “போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறான்மா. வண்டி எங்கே இருக்குன்னு பாரு.”

சுகுணா மேப்பைத் திறந்தாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“வண்டி நிக்குதுங்க சார். ‘ஓய்வு’ன்னு காட்டுது. ஆனா ரோட்டை விட்டுத் தள்ளி, காட்டுக்குள்ள காட்டுதுங்களே.”

“மலையில மேப் அப்படித்தான் தப்புத் தப்பாக் காட்டும். ஏதாவது டீக்கடையில ஒதுக்கியிருப்பான்.”

“தப்பில்லீங்க. மேப் சரியாத்தான் காட்டுது,” என்றான் தனபால். “வளைவுல பைக்கு குறுக்கே வந்தப்ப ஸ்டீரிங்கைத்தான் ஒடிச்சான், நான் பின்னாலேயே வந்துட்டிருந்தேன், பள்ளத்துல எறங்குற வரைக்கும் அவன் வண்டியில பிரேக் லைட்டு எரியவே இல்லீங்க. காளியண்ணனை ராசிபுரம் ஆஸ்பத்திரிப் பிணவறையில விட்டுட்டு நேரா இங்கதான் வாரேன்.”