நின்றாலும் மங்காது

"நின்னா மங்காதுல்ல?"

மூன்றாவது தடவையாகக் கேட்டாள் பிலோமினா.

ஆம்புரோஸ் கொட்டகையில் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து, தன் பழைய சின்ன மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட்டைப் பிரித்துப்போட்டிருந்தான். வாயில் ஒரு திருகாணி. முதல் இரண்டு தடவையும் உறுமல்தான் பதிலாக வந்தது.

இப்போது திருகாணியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"மங்காது. இது பாட்டரியில எரியுது. ஓடினாலும் சரி, நின்னாலும் சரி, சாவியைத் திருப்பினாத்தான் அணையும். போதுமா கண்ணு? நின்ன வண்டியிலயா வந்து மூஸ் மோதப்போகுது?"

"மோதக்கூடாதுன்னு அதுக்கு யார் சொல்லிக்குடுத்தது?"

இந்தக் கரையில் இலை உதிரத் தொடங்கினால் சாலையைக் கடக்கும் மூஸ் மான்களுக்குப் பயப்படாதவர் கிடையாது. குதிரையைவிட உயரம். இருட்டில் அதன் கால்கள் மரம் மாதிரியே நிற்கும். அக்கரையில் மீன் ஆலை வேலை முடிந்து, குடாவைச் சுற்றிக்கொண்டு ஆம்புரோஸ் வீடு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். அதைச் சொல்லிச் சொல்லித்தான் நச்சரித்தாள். கடைசியில் கிளாரன்ஸ் கடையில் சொல்லி இந்தப் புது விளக்கை அவளே வரவழைத்தும் விட்டாள்.

பழைய பல்பு எஞ்சினின் மூச்சை நம்பி எரிந்தது. வண்டி ஓடினால் மஞ்சளாக ஒரு வெளிச்சம். நின்றால் தீக்குச்சி நுனி.

ஆம்புரோஸுக்கு வேடிக்கையாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த வண்டியைத் தகர ஆடு என்று திட்டியவள், இன்று குனிந்து ஒவ்வொரு கம்பியையும் பார்க்கிறாள்.

"அடுத்து கார்புரேட்டரைப் பத்திக் கேப்ப போல."

"அது நின்னா என்ன ஆகும்?"

அவன் சிரித்துவிட்டான்.

கொட்டகைக் கதவு வழியாக அக்கரை தெரிந்தது. கோயிலைத் தாண்டி, வளைவில், டோரின் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. இருவருமே அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

டோரின் அவர்களுடைய ஒரே மகள். ஆம்புரோஸோடு மீன்பிடி எல்லைக்காகச் சண்டை போட்ட குடும்பத்துப் பையனைத்தான் கட்டுவேன் என்று கட்டிக்கொண்டாள். அந்த வாசலில் என் கால் படாது என்று சாப்பாட்டு மேசையில் அடித்துச் சொன்னான் ஆம்புரோஸ். இரண்டு வருடமாகப் படவில்லை. இந்த வசந்தத்தில் பேத்தி பிறந்தபோதும் படவில்லை.

பிலோமினா மட்டும் பகலில் போய்வருவாள். வந்தால் அவனிடம் ஒன்றும் சொல்லமாட்டாள். பூனையிடம் சொல்வாள், சத்தமாக. "பல்லு முளைச்சிருச்சுடி, தெரியுமா உனக்கு?" என்பாள். ஆம்புரோஸ் செய்தித்தாளின் அதே பக்கத்தை வெகுநேரம் படித்துக்கொண்டிருப்பான்.

கடைசித் திருகாணியை முடுக்கி, சாவியைத் திருப்பினான். கொட்டகைச் சுவர் வெள்ளை வெளேரென்று ஆனது. சிலந்திவலை ஒவ்வொன்றும் தெரிந்தது.

"கோயில் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வரேன்" என்றான்.

பிலோமினா தேநீருக்குக் கெண்டியை அடுப்பில் வைத்தாள். பிறகு சமையலறை விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் அருகில் நின்றாள்.

இந்தக் குடாவில் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. ஜன்னலில் தெரியும் வண்டி விளக்கே போதும். ஒரு கண் மட்டும் எரிந்தால் பாதிரியாரின் கார். குதித்துக் குதித்து வந்தால் கிளாரன்ஸின் டிரக்.

புது விளக்கு தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போனது. அக்கரையில் ஏறியது. கோயிலுக்கு வந்தது.

கோயிலில் நிற்கவில்லை.

வளைவில் நின்றது.

ஒவ்வொரு மாலையும் அந்த இடத்தில்தான் பழைய பல்பு தீக்குச்சி நுனியாகச் சுருங்கும். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். பிறகு மஞ்சளாகி, வீட்டை நோக்கி வரும். வந்ததும், "காத்து ஜாஸ்தி, அதான் லேட்டு" என்பான் ஆம்புரோஸ். பிலோமினாவும் ஆமாம் என்பாள்.

டோரினிடம் அவள் சொல்லிப் பார்த்தாள். "அப்பா வந்தா எனக்குத் தெரியாதாம்மா? நான் பாக்கறப்பெல்லாம் வெளியே இருட்டுதான்" என்றாள் மகள்.

மூஸுக்காக என்றால் எந்தப் புது விளக்கும் போதும். நின்றாலும் மங்காத விளக்குதான் வேண்டும் என்று கிளாரன்ஸிடம் இரண்டு முறை சொல்லி வைத்திருந்தாள் பிலோமினா.

இப்போது அது மங்கவில்லை. பழக்க தோஷத்தில் அதே இடத்தில் நின்றவனுக்கு, ஒளிந்துகொள்ள இருட்டு இல்லை. டோரின் வீட்டு முகப்பு முழுவதும் பகல் மாதிரி வெளுத்துக் கிடந்தது. தண்ணீருக்கு இந்தப் பக்கமிருந்தே படிக்கட்டு தெரிந்தது.

கதவு திறந்தது. ஓர் உருவம் வெளியே வந்து கண்ணுக்குக் கையை மறைப்பாக வைத்தது. இன்னொரு கையில், இடுப்பில், ஒரு பொட்டலம் மாதிரி ஏதோ.

இப்போது முறுக்கிக்கொண்டு ஓடிவிடுவான்.

வெளிச்சம் அசையவில்லை.

சட்டென்று அணைந்தது.

பிலோமினா ஜன்னலோடு ஒட்டிக் குனிந்தாள். பல்பு போய்விட்டதா? முதல் நாளேயா? கிளாரன்ஸ் அவ்வளவு அடித்துச் சொன்னானே.

அக்கரையில் ஜன்னல் விளக்கும், திறந்த கதவின் வெளிச்சமும் மட்டும் இருந்தன. பிறகு கதவு வெளிச்சம் மெல்லக் குறுகி, மறைந்தது.

சாவியைத் திருப்பினால்தான் அணையும் என்று அவன்தானே சொன்னான்.

பிலோமினா கெண்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.